மல்லிகாவின் நாலு பக்கத்தை ரூபா பேசிய நாள்

வசனம் எழுத வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் உங்கள் அறைக்கு வந்தபோது சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். இடப்பக்கம் நாயகி: பின்னல், பூ, காட்டன் புடவை, குனிந்த தலை, கடைசியில் பேசுவாள். வலப்பக்கம் வில்லி: விரித்த தலை, லிப்ஸ்டிக், கால்மேல் கால், முதலில் பேசுவாள். நான் லிஃப்டில் இறங்கும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே போனதை உங்களில் யாரோ பார்த்து, பெரியம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தீர்களாம். ஒன்றும் ஆகவில்லை. அதே தாளை, கிட்டத்தட்ட அதே சொற்களில், பல வருடங்களுக்கு முன்னால் என் கையால் எழுதி ஒட்டியிருந்தேன். அது ஒரே காலையில் பயனற்றுப்போனது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் சோமனூர்க்காரி. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்ததால் எங்கள் வீட்டில் உப்புக் கேட்பதே சண்டை போடுவதுபோல இருக்கும். அப்படிப்பட்டவள் டிவி தொடர்களில் வாய் பேசாத மருமகள்களை எழுதிப் பிழைத்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே ஒரு டீ கிளாசையும் ஒரு தண்ணீர் டம்ளரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டு பொம்பளைய எடுத்துக்கம்மா. ஒருத்தி பேசிட்டே இருக்கணும். இன்னொருத்தி அழுதுட்டே இருக்கணும். பேசறவ எப்ப அழுவா, அழறவ எப்பப் பேசுவான்னு பாக்கறதுக்கு சனம் வருசக்கணக்கா உக்காந்திருக்கும்.”

இந்த வாக்கு எனக்குப் பல வருடம் சோறு போட்டது. நன்றி கெட்டவளாகப் பேச மாட்டேன். ஆனால், அழுகிறவள் பேச வேண்டிய நாளில் அவளால் பேச முடியாமல் போனால் என்ன செய்வது என்று அவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் எங்கள் தொடர் படமானது. ஒரு பெரிய குடும்பம், இரண்டு மருமகள்கள். மூத்தவள் மல்லிகா, இளையவள் ரூபா. மல்லிகா விடிவதற்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவாள். ரூபா ஒன்பது மணிக்கு எழுந்து, ‘காபி எங்கே?’ என்பாள். மல்லிகா வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுவாள். ரூபா மாமனாரிடமே ‘ங்க’ போட மாட்டாள். எங்கள் தையல்காரர் திங்கட்கிழமைதோறும் என்னிடம் வந்து பணிவாகக் கேட்பார்.

“அக்கா, ரூபா இந்த வாரம் ரொம்பக் கெட்டவங்களா, சுமாராக் கெட்டவங்களாங்க? அதுக்குத் தகுந்த மாதிரி ஜாக்கெட் கை வெட்டோணும்.”

நானும் யோசித்து, “சுமாருதான், முழங்கைக்கு மேல ரெண்டு இஞ்சு விடுங்க” என்று சொல்லியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். உங்கள் தாளும் இதே அளவுகோல்தான்.

ஒரு தடவை, மல்லிகா கன்றுக்குட்டியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பதாக எழுதிவிட்டேன். சேனலில் இருந்து திருப்பி அனுப்பினார்கள். ‘பல் தெரிகிறது’ என்று ஒரு வரிக் குறிப்பு. அடுத்த வாரம் மல்லிகா உதட்டை மூடிக்கொண்டு புன்னகைத்தாள். கன்றுக்குட்டிக்குத்தான் ஏமாற்றம்.

இனி அந்த இரண்டு நடிகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லிகாவாக நடித்தவள் ஜெனி. கோயமுத்தூர்ப் பெண். அவளுடைய சர்ச்சின் பங்குத் திருவிழாவில் கயிறு இழுக்கும் போட்டிக்குப் பெண்கள் அணித் தலைவி அவள்தான். மல்லிகாவின் பின்னலுக்கு மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு புல்லட்டில் படப்பிடிப்புக்கு வருவாள். அவள் சிரித்தால் தோப்பில் காக்கை கிளம்பும். ரூபாவாக நடித்தவள் கோமதி, காரமடைக்காரி. லைட் தூக்கும் பையனைக்கூட ‘வாங்க போங்க’ என்பாள். ஹை ஹீல்ஸ் போட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். ரூபா மல்லிகாவை அறையும் காட்சி என்றால் காலையிலிருந்தே கோமதிக்குச் சோறு இறங்காது. அறைந்துவிட்டு, ‘கட்’ சொல்வதற்குள், “வலிச்சுதுங்களாக்கா?” என்று கன்னத்தைத் தடவப்போவாள். அதனாலேயே ஒவ்வொரு அறைக்கும் நாலு டேக். அத்தனை அறையையும் வாங்கியவள் ஜெனி. “அம்மணி, ஒழுங்கா ஒரே தடவையில அடிச்சுத் தொலை, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்பாள்.

தினமும் இவர்களை இப்படிப் பார்த்துக்கொண்டு, அறைக்குத் திரும்பி என் தாளின்படி எழுதிக்கொண்டிருந்தேன். கண் முன்னால் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. அதுதான் நான் செய்த பெரிய தவறு.

கதையில் ஒரு கட்டம் வந்தது. நாத்தனாரின் நிச்சயதார்த்தம் நின்றுபோகிறது. மாப்பிள்ளை வீட்டுக்கு யாரோ போன் செய்து கெடுத்துவிட்டார்கள். செய்தவள் ரூபா. பழி விழுந்தது மல்லிகாமேல். ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், மொத்தமும் வாசலில் ஷாமியானா போட்டு உட்கார்ந்து, மல்லிகாவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்கிறது. அப்போது, முந்நூறு பகுதிகளாக எதிர்த்து வாயே திறக்காத மல்லிகா நிமிர்ந்து நாலு பக்கம் பேச வேண்டும். அந்த நாலு பக்கத்தை நான் ஒரு மாதம் எழுதினேன். ‘மல்லிகா பேசப்போகிறாள்’ என்று பத்து நாளாக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

படப்பிடிப்பு அன்று காலை ஜெனி வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். காற்று வந்தது.

முந்தின நாள் பங்குத் திருவிழா. அவள் அணி ஜெயித்திருக்கிறது. கத்தியே தொண்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். இந்த லட்சணத்தில் அவளுக்கே சிரிப்பு வேறு வந்தது. சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவளைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. இயக்குநருக்கு மட்டும் வரவில்லை. மாமனாராக நடித்த பெரியவருக்கும் மற்ற மூத்தவர்களுக்கும் அன்றோடு கால்ஷீட் முடிகிறது. மறுநாள் மாலை ஒளிபரப்பு. சாயங்காலத்துக்குள் காட்சி சென்னைக்குப் போயாக வேண்டும்.

வெந்நீர், மிளகு, தேன், சித்தரத்தை எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். பத்து மணிக்குக் கொஞ்சம் சத்தம் வந்தது. கதவுக் கீல் மாதிரி.

“உதட்டை மட்டும் அசைக்கட்டும். பக்கத்துல நின்னு யாராச்சும் பேசுங்க. அந்தக் குரலையே வெச்சுக்கலாம்” என்றார் இயக்குநர்.

யார் பேசுவது? அங்கே சும்மா இருந்தவள் கோமதி ஒருத்திதான். அந்தக் காட்சியில் ரூபாவுக்கு வசனமே கிடையாது. தூணில் சாய்ந்து ஏளனமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாலு பக்கத்தையும் அவள் கையில் கொடுத்தேன். ஸ்லீவ்லெஸ், சிவப்பு லிப்ஸ்டிக், விரித்த தலை எல்லாவற்றோடும் அவள் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று படிக்க ஆரம்பித்தாள்.

ஜெனியின் உதடும் கோமதியின் குரலும் ஒன்றாகப் போகவில்லை. ஜெனி முந்தினாள், கோமதி பிந்தினாள். மூன்று முறை பார்த்துவிட்டு இயக்குநர் தலையில் கை வைத்தார். ஆனால் மூன்றாவது முறை ஒன்று நடந்தது. மாமனாராக நடித்தவர் ஜெனியைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கோமதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். லைட் பையன்கள் பார்த்தார்கள். டீ கொண்டுவந்தவர் தட்டோடு நின்றுவிட்டார்.  கோமதி தாளிலிருந்து கண்ணை எடுத்து ஜெனியையே பார்த்து, அவளுக்காக, அவளுக்கு நடந்த அநியாயம்போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

 இயக்குநரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

“சார், இதை ரூபாவே பேசட்டும்.”

“ரூபாவா? மல்லிகாவுக்குப் பரிஞ்சா? ஏம்மா, போன் பண்ணுனதே அவதான்!”

“ஆமா. அதையும் அவளே சொல்லட்டும்.”

“வில்லி ஒத்துக்கிட்டா நாளைக்குக் கதை ஏது? இன்னும் நூறு பகுதி இருக்குது. சேனலுக்கு நான் என்ன சொல்றது?”

 ரூபா கெட்டவளாக இல்லாவிட்டால் எனக்கே மறுநாள் முதல் என்ன எழுதுவது என்று தெரியாது. வேலை போனாலும் போகும். ஆனால் தூணுக்குப் பக்கத்தில் கோமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். அதை மறுபடி ஏளனப் பார்வையாக மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “ஒரு மணி நேரம் குடுங்க” என்று கேட்டேன். முக்கால் மணி கொடுத்தார்.

தேங்காய் மட்டைக் குவியலின்மேல் உட்கார்ந்து எழுதினேன். நாலு பக்கம் ஒரு பக்கமானது. ஒரு மாதம் எழுதியதில் மிஞ்சியது மூன்று வரி. பிள்ளைகளே, அந்த முக்கால் மணி நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. வேலை போகப்போகிற சந்தோஷம் என்று ஒன்று இருக்கிறது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

எழுதி முடித்ததும் அடுத்த சிக்கல். ரூபா பேசுகிறாள், சரி. மல்லிகா என்ன செய்வாள்? இத்தனை விளம்பரம் போட்டுவிட்டு, அவள் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதா?

அந்த வீட்டின் சொந்தக்காரி சரசு அக்கா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பூசிய முகம், பெரிய பொட்டு, தலை நிறையப் பூ. என் மல்லிகாவுக்கு அவரைப் பார்த்துத்தான் நான் அலங்காரம் எழுதியிருந்தேன். அவர் கேட்டார்.

“ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கலாமுங்களா? இவ்வளவு பேரு இத்தனை பேசறாங்களே, அந்தப் புள்ள எந்திரிச்சுப் போகாதுங்களா?”

“எங்கீங்கக்கா போகும்? அவ பாவம். ஒண்ணும் தெரியாத பொண்ணு.”

“ஒண்ணும் தெரியாத பொண்ணு எந்த ஊட்லீங்க இருக்குது? தேங்கா லோடை மார்க்கெட்டுக்கு ஆரு ஓட்டீட்டுப் போறாங்கன்னு நெனச்சீங்க? நானுங்க. பூவை வெச்சுட்டுத்தான் ஓட்டறேன்.”

ஜெனி என் தோளைத் தட்டினாள். கையை நீட்டிக் காட்டினாள். முற்றத்தின் ஓரத்தில், பின்னால் டிரெய்லரில் தேங்காயோடு, சரசு அக்காவின் டிராக்டர் நின்றது. ஜெனி அதையும் தன்னையும் மாற்றி மாற்றிக் காட்டி, ஸ்டியரிங் பிடிப்பதுபோல அபிநயம் பிடித்தாள். கண் இரண்டும் பளபளத்தன.

“ஓட்டத் தெரியுமா?” என்றேன்.

தலையை அப்படி ஓர் ஆட்டு ஆட்டினாள்.

“சாவி ஆணியிலதான் தொங்குதுங்க” என்றார் சரசு அக்கா. “கிளட்ச் கொஞ்சம் முரண்டு புடிக்கும் கண்ணு. நல்லா மிதி.”

காட்சி தொடங்கியது. ஷாமியானாவுக்குக் கீழே ஒறம்பரை. நடுவில் மல்லிகா. மாமனார், “இந்தக் கள்ளி இனி இந்த ஊட்ல இருக்கக் கூடாது” என்றார். தூணில் சாய்ந்திருந்த ரூபா நிமிர்ந்தாள். ஹீல்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இது நான் எழுதாதது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கோமதி தானாகச் செய்தது. வெறுங்காலோடு நடுவில் வந்தாள்.

“அந்த போன் பண்ணினது நான்” என்றாள். “இவ இல்லீங்க.”

அந்த ‘ங்க’ தாளில் இல்லை. முந்நூறு பகுதிகளில் ரூபாவின் வாயிலிருந்து வந்த முதல் ‘ங்க’ அது. மாமனாராக நடித்தவருக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. மறந்ததும் நல்லதுக்குத்தான்.

“நான் நிமிந்து நின்னா திமிருங்கறீங்க. இவ குனிஞ்சு நின்னா கள்ளிங்கறீங்க. அப்பறம் எந்த உசரத்துலதானுங்க நிக்கறது, இந்த ஊட்ல? இவளப் பாத்து எனக்கு ஆத்திரம் வரும். எப்படி எல்லாத்தையும் பொறுத்துக்கறாள்னு. இவ என்னையப் பாத்து என்ன நெனப்பாள்னு எனக்குத் தெரியாது. ஒரே அடுப்புல நின்னுருக்கறோம். ஒரு நாளு கேக்கலை.”

கோமதி அழுதாள். மை வழிந்தது. மல்லிகா அவளைப் பார்த்தாள். கிட்டே போய்த் தன் முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் முற்றத்தைத் தாண்டிப் போய் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

திட்டப்படி அவள் வாசல் வழியாக மெதுவாக வெளியே போக வேண்டும். கிளட்ச் முரண்டு பிடித்தது. டிராக்டர் ஒரு குதி குதித்தது. நேராக ஷாமியானாவின் கயிற்றை வாங்கிக்கொண்டு கிளம்பியது. முதலில் ஒரு கம்பம் சாய்ந்தது. அப்புறம் இன்னொன்று. ஒறம்பரை நாற்காலியோடு எழுந்து ஓடியது. சம்பந்தியாக நடித்தவர் துணிக்கு அடியில் மாட்டிக்கொண்டு, “ஏனுங்க! ஏனுங்க!” என்று எல்லாத் திசையிலும் கூப்பிட்டார். சரசு அக்காவின் கோழிகள் கூரையேறின. மொத்த ஷாமியானாவும், மஞ்சளும் சிவப்புமாக, கல்யாணப் பெண்ணின் புடவைத் தலைப்புபோல டிராக்டருக்குப் பின்னால் இழுபட்டுப் போயிற்று. டிரெய்லரிலிருந்து தேங்காய்கள் ஒவ்வொன்றாக உருண்டன. மாமனார் ஒன்றைக் குனிந்து எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

நடுவில் யாரும் எதிர்பாராமல் கோமதி ஓடினாள். வெறுங்காலோடு, விரித்த தலையோடு, “அக்கா, இருங்கக்கா, நானும் வாரேன்!” என்று கத்திக்கொண்டே போய் டிரெய்லரில் தொற்றி ஏறித் தேங்காய்க் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஜெனி திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. சத்தம்தான் வரவில்லை. இரண்டு பேரும் தென்னை வரிசைக்குள் போய் மறைந்தார்கள்.

இயக்குநர் ‘கட்’ சொல்லவே இல்லை. கேமராமேன் ஐந்து நிமிடம் வெறும் தென்னையைப் படம் பிடித்தார். பிறகு இயக்குநர் என் பக்கம் திரும்பினார்.

“இன்னொரு டேக்குக்கு ஷாமியானா இருக்குதா?”

“இல்லைங்க.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் சென்னையிலிருந்து எனக்கு போன் வந்தது. காட்சிகளைத் தேர்வு செய்யும் அதிகாரி.

“என்னங்க இது? மல்லிகா நல்ல பொண்ணா, இல்லையா?”

“நல்ல பொண்ணுதானுங்க.”

“டிராக்டர் ஓட்டறா?”

“ஓட்டறாங்க.”

“ரூபா அழறா. அப்ப அவளும் நல்லவளா?”

“போன் பண்ணிக் கெடுத்தது அவதானுங்களே. அது அப்படியேதான் இருக்குது.”

“நாளைக்கு ஜனங்க யாரைத் திட்டுவாங்க?” என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். “எனக்குத் தெரியலீங்க” என்று நானும் உண்மையாகவே சொன்னேன்.  வேறு காட்சி கையில் இல்லாததால் அதையே போடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் மாலை சரசு அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். தேங்காய் உரிக்க வந்த பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ரூபா பேச ஆரம்பித்ததும் எல்லாரும் டிவிக்கு இன்னும் கிட்டே நகர்ந்தார்கள். ‘எந்த உசரத்துலதானுங்க நிக்கறது’ என்ற இடத்தில் யாரோ ஒரு பெண் ‘ம்’ என்றாள். டிராக்டர் கிளம்பியதும் விசிலடித்தார்கள். அதில் ஒரு விசில் சரசு அக்காவுடையது.

எனக்கு வேலை போகவில்லை. அதற்குப் பிறகு எழுதுவதுதான் ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. ஜாக்கெட் கை நீளத்தைச் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. ஒவ்வொரு காலையும் ரூபா இன்றைக்கு என்ன செய்வாள் என்று நிஜமாக யோசிக்க வேண்டியிருந்தது. மல்லிகா ஒரு நாள் பொய் சொன்னாள். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. நீங்களும் உங்கள் இரண்டு பெண்களுக்கு எதை வேண்டுமானாலும் உடுத்துங்கள், பூவோ ஹீல்ஸோ. ஆனால் இடப்பக்கத்துக்காரியின் கையில் ஒரு நாள் வண்டிச் சாவியைக் கொடுத்துப் பாருங்கள். வலப்பக்கத்துக்காரியை ஒரு நாள் வெறுங்காலோடு நிறுத்திப் பாருங்கள். நடிக்க வருகிற பெண்ணோடு நாலு வேளை சேர்ந்து சாப்பிடுங்கள். தாள் சுவரிலேயே இருக்கட்டும், பாதகமில்லை.

டிராக்டர் காட்சி வந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜெனி, கோமதி, நான் மூன்று பேரும் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனோம். அநியாயம் செய்தவர்களைத் தண்டிக்கச் சொல்லி மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவார்களே, அந்த வரிசையிலிருந்து ஒரு அம்மா கோமதியைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். கை மணிக்கட்டு வரை சிவப்பு. கோமதி வழக்கம்போல என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். கடைத்தெருவில் ரூபாவுக்காக அவள் வாங்காத திட்டு இல்லை.

“அம்மணி, பயப்படாத சாமி” என்றார் அந்த அம்மா. கண் கலங்கியிருந்தது. “போன மாசம் உன்ற பேரைச் சொல்லித்தான் அரைச்சுப் பூசிப்போட்டேன். இப்ப அதை எப்படித் திருப்பி வாங்கறதுன்னு தெரியலை கண்ணு.”

“பரவால்லீங்கம்மா” என்றாள் கோமதி. “உங்களுக்குக் கை எரிஞ்சுதுங்களா?”

அந்த அம்மா அப்படியே உருகிப்போனார். கோமதியின் தலையைத் தொடப்போய், மிளகாய்க் கை என்று நினைவு வந்து இழுத்துக்கொண்டார். பிறகு முகம் மாறியது.

“இத்தனை குணமான புள்ளைய இத்தனை நாளா அப்படிப் பேச வெச்சது ஆருங்க?”

ஜெனிக்கு அன்றைக்குத்தான் பாதித் தொண்டை திரும்பியிருந்தது. அந்தப் பாதியை முழுவதும் இதற்கே செலவழித்தாள்.

“இவீங்கதானுங்க! எழுதறது இவீங்கதான்!” என்று என்னைக் காட்டினாள்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமே இல்லாமல், மரியாதையாகக் கேட்டார்.

“பேரென்னங்க?”

நான் சொல்லிவிட்டேன். கேட்டால் சொல்கிற பழக்கம்.

“சித்த இங்கயே நில்லுங்க, வந்தர்றேன்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் வரிசைக்குப் போனார்.

நாங்கள் நிற்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் சிரித்துச் சிரித்து விழுந்துகொண்டே உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தம் வரைக்கும் ஓடினோம். தோப்பு வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு உள்ளங்கால் எரிந்துகொண்டே இருந்தது. வெறுங்காலோடு தாரில் ஓடியதால்தான் என்று கோமதி சொன்னாள். ஜெனி மட்டும் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.